அரசனுக்காக உட்கார்ந்தவர்

முப்பத்தோரு வருடம் நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். கணக்கு வாத்தியார் வராத அன்று அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வது, குடியரசு தினத்துக்குத் தலைவர்கள் படங்களைத் துடைத்து மாட்டுவது, அதிகாரி யாராவது வந்தால் வாசலில் பெரிய கோலம் போடுவது, இவைதான் எங்கள் ஊரில் ஓவிய ஆசிரியையின் வேலை. கோபத்தில் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான். ஓய்வு பெற்ற மறுமாதமே ஆளுயரக் கான்வாஸ் ஒன்றை வாங்கி வீட்டு முன்னறையில் நிறுத்தினேன். என் கணவர் அதைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போகப் பழகிக்கொண்டார்.

நான் வரைய நினைத்தது கல்வெட்டு மனிதர்களை. வில்லியனூரிலும் பாகூரிலும் பழைய கோயில் சுவர்களில் எழுத்து வெட்டியிருப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் சாய்ந்து நின்று செல்போன் பேசுவார்கள். நான் வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவள். அந்தச் சுவர்களைப் பார்ப்பதற்காகவே அங்கெல்லாம் போய்வர ஆரம்பித்தேன். விளக்கு எரிக்க ஆடு கொடுத்தவன், ஏரிக்கரையை அடைத்தவன், நிலத்தைக் கோல் போட்டு அளந்தவன், கோயிலில் ஆட வந்தவள், இவர்கள் எல்லோருக்கும் மேலே ஓர் அரசன். பெயர் இருக்கிறது, செய்த காரியம் இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. அவர்களில் பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்தேன்.

முகத்துக்கு எங்கே போவது? காலண்டரைப் பார்த்து வரைய எனக்கு இஷ்டமில்லை. காலண்டரில் வருகிற அரசர்கள் எல்லாம் ஒரே ஆள்தான்: ரோஜாப்பூ நிறம், மை பூசிய மீசை, நேற்றுத்தான் சலூனுக்குப் போய்வந்த முகம். இந்த வெயிலில் நின்றவர்கள் இந்த வெயில் பட்ட முகத்தோடுதானே இருந்திருப்பார்கள்? அதனால் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஆடு கொடுத்தவனுக்கு எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர். ஆட வந்தவளுக்கு நல்லவாட்டிலிருந்து மீன் கொண்டுவரும் பெண். கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்காருவாள், பத்து நிமிடமும் பேசுவாள். அவளுடைய வாயை மட்டும் கடைசிவரை என்னால் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

அரசனுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. ஆறு மாதம் பேருந்திலும் கடையிலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் ஆண்களை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் அதற்கு யாரும் தப்பர்த்தம் செய்துகொள்வதில்லை, அது ஒரு வசதி.

கணவருக்குக் கண் ஆபரேஷன் செய்ய பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். நோயாளியைப் படுக்கவைத்த ஸ்டிரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நடைவழி முழுக்க ஜனம். "வழி, வழி" என்று மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் ஜனம் இரண்டாகப் பிரிந்தது. நாற்பது வயது இருக்கும். நல்ல கறுப்பு. அகன்ற நெற்றி, இறுக்கமான தாடை, பாதி மூடினது போன்ற கண்கள். அந்தக் கண்கள் அவசரமே படவில்லை. என் கணவரை நாற்காலியில் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே லிஃப்ட் வரை ஓடினேன்.

"இன்னா மேடம், எதுனா தப்பாப் பண்ணிட்டனா?" என்று கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். கூட நின்ற ஊழியர் விழுந்து விழுந்து சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, "மேடம், நான் காலனி ஆளு" என்றார்.

"இருந்தால் என்ன?" என்றேன்.

அதைச் சொன்னபோது எனக்கே என்னை மிகவும் பிடித்திருந்தது. அதையும் இங்கே எழுதிவைத்துவிட வேண்டும்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பேருந்து பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்குள் நான் அவருக்கு டீச்சர் ஆகியிருந்தேன். என் மாமனார் உட்கார்ந்த கைவைத்த மர நாற்காலியை அவருக்குப் போட்டேன். நுனியில் உட்கார்ந்தார். நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள் என்றேன். ஓர் அங்குலம் நகர்ந்தார். "உங்க முன்னாடி எப்டி டீச்சர்" என்றார். சிம்மாசனத்தின் நுனியில் எந்த அரசனும் உட்கார்ந்திருக்க மாட்டான் என்று நான் விளக்கினேன். அவருக்கும் அது புரிந்தது, உடம்புக்குத்தான் புரியவில்லை. முதல் இரண்டு ஞாயிறும் முகத்தை விட்டுவிட்டு முதுகோடுதான் போராடினோம். மூன்றாவது வாரம் தன் மகள் பள்ளிக்கூடத்தில் செய்த வம்பைச் சொல்லிக்கொண்டிருந்தவர், சொல்கிற சுவாரஸ்யத்தில் தன்னை அறியாமல் நாற்காலி முழுவதையும் எடுத்துக்கொண்டார். நான் மூச்சுக்கூட விடாமல் வரைந்தேன்.

மகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். ஆறாம் வகுப்பு. "வகுப்பு பூரா சொல்லி வச்சிருக்குது டீச்சர், எங்கப்பாதான் ராஜான்னு. ராஜா வூட்லயும் கஞ்சிதானான்னு ஒருத்தி கேட்டாளாம், ரெண்டு பேருக்கும் சண்டை." சொல்லிவிட்டு அவர் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பு முடிந்த பிறகு முகத்தில் ஒரு கணம் தங்கிய அமைதியைத்தான் நான் படத்தில் வைத்தேன். நான் வரைந்ததிலேயே நல்ல முகம் அதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, இப்போது பெருமைப்பட எனக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

முடிந்ததும் காட்டினேன். படத்தின் முன்னால் நின்று, தோளில் கிடந்த துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நான் இப்டியா டீச்சர் இருக்கேன்?" என்று கேட்டார்.

"இப்படித்தான் இருக்கிறீர்கள். கண்காட்சி வாசலில் உங்கள் பெயரையும் எழுதிவைக்கப் போகிறேன்."

"பேரு வேணாம் டீச்சர். மூஞ்சி போதும்."

"முகத்தைக் கொடுத்தவர் பெயர் இல்லாமல் எப்படி?"

"வேணாம் டீச்சர்" என்று இன்னொரு முறையும் சொன்னார். அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தோரு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே பழகியவளுக்கு ஒருவர் சொல்வதைக் கேட்கத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

பாகூர்ப் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, விளக்குகள் போட்டு ஓவியக்கூடமாக மாற்றியிருந்தார் ஒரு வங்கி அதிகாரி. அவரும் ஓய்வு பெற்றவர். சனி ஞாயிறுகளில் டவுனிலிருந்து கார்களில் வருவார்கள், மற்ற நாட்களில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எட்டிப்பார்ப்பார்கள். அவர் எனக்குப் பத்து நாள் கொடுத்தார். பதினோரு படங்களையும் இரண்டு சுவர்களில் மாட்டி, அரசனை உள்ளே நுழைந்ததும் நேரெதிரே வைத்தோம். வாசலில் ஒரு பலகை. அதில் உட்கார்ந்து உதவிய பதினோரு பேருக்கும் நன்றி சொல்லி, பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் முத்துமுத்தாக எழுதினேன். பள்ளிக்கூடத்துப் பழக்கம், சான்றிதழில் ஒரு வரி விட்டுப்போகக்கூடாது. முதல் வரியில், அரசனுக்கு நேரே அவருடைய பெயர், அவர் ஊர், காலனித் தெரு.

முதல் நாள் மாலை நல்ல கூட்டம். அந்த அரசனைத் தங்கள் குலத்தவன் என்று கொண்டாடுகிற சங்கம் ஒன்று எங்கள் பக்கம் உண்டு. அதன் தலைவரும் வந்திருந்தார். எழுபது வயதுக்காரர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஓவியக்கூடத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். அரசன் படத்தின் முன்னால் நின்று கண்ணை மூடிக் கைகூப்பினார். சட்டத்தின் கீழ்விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையோடு ரோஜா மாலை கொண்டுவந்திருந்தார். படத்தின் மேல் போட்டால் வண்ணம் கெட்டுவிடும் என்று சொன்னதும், தரையில் துண்டை விரித்து அதன்மேல் மாலையை வைத்தார். "ராஜாவே நேர்ல வந்து உக்காந்த மாதிரி இருக்குது டீச்சர். அந்தக் கண்ணு போதும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

வெளியே போகும்போதுதான் பலகையைப் படித்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். விரல் முதல் வரிக்கே திரும்பிப் போனது. செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் காலை நான்கு பேரோடு வந்தார். நான் எதிர்பார்த்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் சத்தம் போடவில்லை, கல் எடுக்கவில்லை, போலீஸ் வரவில்லை. உட்கார்ந்து காப்பி சாப்பிட்டார்கள். நிறத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

"ராஜாவுக்கு நெறம் கம்மியாப் போட்டுட்டீங்களே டீச்சர்" என்றார் ஒருவர்.

அன்றைக்கு யாரும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லையே என்றேன். பெரியவர்தான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"அன்னிக்கு நான் கும்புட்டுட்டேன் டீச்சர். தெரியாமக் கும்புட்டுட்டேன்."

"நீங்கள் கும்பிட்டது அரசனைத்தானே ஐயா?"

"மூஞ்சியப் பாத்துத்தானே டீச்சர் கும்புட முடியும்?"

அவர் வேஷம் போடவில்லை. உண்மையிலேயே புண்பட்டிருந்தார். ஏமாற்றப்பட்ட ஒருவரின் முகம் அது. அதைப் பார்த்து எனக்கு அருவருப்பு வந்திருக்க வேண்டும். வந்தது பரிதாபம். அந்தப் பரிதாபத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு ஓவியக்கூடத்துக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். படங்களைக் கழற்றச் சொல்லவில்லை. "ஒரு மணி நேர வேலை டீச்சர். மூக்கையும் தாடையையும் லேசா மாத்திட்டு, கலரை ஒரு ஷேடு ஏத்திட்டா முடிஞ்சுபோச்சு. மத்த பத்துப் படமாவது நிம்மதியா இருக்கும்" என்றார். மற்ற பத்துப் படங்கள். முப்பத்தோரு வருடம். முதல் கண்காட்சி, ஒருவேளை கடைசிக் கண்காட்சியும். இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த முகம் இங்கேயே இருந்தால் நாளைக்கு அவருக்குத்தான் ஊரில் தொந்தரவு என்றும் சொல்லிக்கொண்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தான் அதை அவருக்காகச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இருந்திருக்கும்.

இதெல்லாம் இந்துக்கள் விவகாரம் என்று தள்ளிவிடவும் எனக்கு வழியில்லை. எங்கள் மாதா கோயில் பங்கிலும் இரண்டு தெரு உண்டு. கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் இருந்தது, என் சிறுவயதில். சுவரை இடித்து வெகுகாலம் ஆகிறது. இன்றைக்கும் யாரை எந்தப் பக்கம் புதைப்பது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பம் எந்தப் பக்கம் என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஏணியில் ஏறினேன். பழைய வண்ணத்தின் மேலேயே பூசினால் மேடு தெரியும். அதனால் கத்தியால் முதலில் மூக்கைச் சுரண்டினேன். பிறகு தாடை. பிறகு கண்கள். சுரண்டிய இடம் திரும்பக் கிடைக்காது என்பது தெரிந்துதான் சுரண்டினேன். கறுப்பின் மேல் வெள்ளையும் மஞ்சளும் சிவப்பும் கலந்து ஏற்றினேன். மீசையை முறுக்கிவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் காலண்டர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டான். என் கை நடுங்கவே இல்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பலகையையும் மாற்றினோம். ஒருவர் பெயரை மட்டும் எடுத்தால் தெரிந்துவிடும் என்பதால் எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டு, உதவிய அனைவருக்கும் நன்றி என்று ஒரே வரி. அடுத்த நாள் பெரியவர் வந்தார், பார்த்தார், "இப்பத்தான் ராஜா" என்றார். ஆனால் கும்பிடவில்லை. அதை நான் கவனித்தேன்.

அரசனுக்காக உட்கார்ந்தவருடைய எண் என் செல்போனில் இருந்தது. மூன்று நாள் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் ஞாயிறும் டியூட்டி உண்டு, வரமுடியாமல் போகலாம், அப்படியே வந்தாலும் கூட்டத்தில் பேச நேரம் இருக்காது என்று என்னென்னவோ கணக்குப் போட்டேன். கூப்பிடவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மகள் மஞ்சள் சுடிதார், இரட்டைப் பின்னல், தலை நிறையக் கனகாம்பரம். பள்ளித் தோழிகளிடம் காட்டப் படம் எடுப்பதற்காக அப்பாவின் செல்போனைக் கையில் தயாராகப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, "எதுப்பா நீ? எது?" என்று கேட்டுக்கொண்டே இடது சுவரோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

அவர் ஓடவில்லை. நுழைந்ததும் நேரெதிரே அரசன் இருந்தான். நின்றுவிட்டார். உடையை அடையாளம் கண்டார், நாற்காலியை அடையாளம் கண்டார், கழுத்துவரை தன்னையும் அடையாளம் கண்டிருப்பார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு வாசல் பக்கம் திரும்பி அந்த ஒற்றை வரிப் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன். சொல்ல நிறைய தயார்செய்து வைத்திருந்தேன். அவர் பார்வையில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை.

மகள் இரண்டு சுவர்களையும் சுற்றிவிட்டு மூச்சிரைக்க வந்தாள். "நீ இல்லியேப்பா! ராஜா அந்தா இருக்காரு, ஆனா அது நீ இல்லியே."

"அது வேற ராஜாம்மா" என்றார் அவர், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "அப்பாது வித்துப்போச்சு. மொத நாளே வெளிநாட்டுக்காரங்க வந்து வாங்கிக்கினு போயிட்டாங்க. இல்ல டீச்சர்?"

எனக்கு மன்னிப்புக் கேட்கவும் அவர் இடம் வைக்கவில்லை. தலையை ஆட்டினேன். "ஆமாம்மா. முதல் நாளே."

"எந்த ஊருக்கு டீச்சர்?"

"பிரான்சுக்கு."

அவள் முகம் மலர்ந்தது. அப்பா விமானத்தில் போய்விட்டார் என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சட்டென்று, "போட்டோவாச்சும் எடுத்து வச்சீங்களா டீச்சர்?" என்றாள்.

எடுத்திருந்தேன். தோளில் தொங்கிய பைக்குள் செல்போனில், அவர் முகத்தோடு, முழுப்படம் இருந்தது. கொடுப்பதற்கு என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். ஆனால் அதே நாற்காலி, அதே உடை, அதே கைகள். காட்டினால் அந்தக் குழந்தை செல்போனையும் சுவரையும் மாறிமாறி ஒரு முறை பார்க்கும், அவ்வளவு போதும். அவர் என்னைப் பார்த்து மிக லேசாகத் தலையை அசைத்தார்.

"எடுக்கலம்மா. மறந்துட்டேன்" என்றேன்.

"போங்க டீச்சர்" என்று சிணுங்கினாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்:

"அங்க இருக்கறவங்களுக்கு, அது எங்கப்பான்னு தெரியுமா டீச்சர்?"

"தெரியாதும்மா. ராஜான்னு மட்டுந்தான் தெரியும்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்றோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினார். உள்ளே வந்துகொண்டிருந்த டவுன்காரர்களுக்காக ஒதுங்கி, சுவரோரமாக நின்று, அவர்கள் எல்லோரும் போகும்வரை வழிவிட்டார்.